சம்பளம் இல்லாத எனக்கு ஓய்வுக்காலச் சேமிப்பை எங்கே தொடங்குவது?

கேள்வி: ராஜபாளையத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 39 வயது, தை பிறந்தால் 40. கணவருக்கு 44. இங்கே ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. நான் எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்தவள். மகன் வயிற்றில் இருக்கும்வரை ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்தேன். பிறகு அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. திரும்ப வேலைக்குப் போவது என்ற பேச்சே அதோடு நின்றது.

வீட்டுச் செலவு முழுவதும் என் கையில்தான். மாதம் பிறந்ததும் அவர் 30,000 ரூபாயை என் கணக்குக்கு மாற்றிவிடுவார். பால், மளிகை, டியூஷன் கட்டணம், அத்தைக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பவரின் சம்பளம் என்று ஒவ்வொன்றையும் நீள நோட்டில் எழுதி வைக்கிறேன். அதில் மிச்சம் பிடித்துத்தான் பக்கத்துத் தெரு அக்கா நடத்தும் சீட்டுக்கு மாதம் 5,000, நகைச் சீட்டுக்கு 3,000 கட்டுகிறேன். இரண்டும் ஆடியோடு முடிகின்றன. சீட்டுப் பணம் ஒரு லட்சம் கைக்கு வரும். அதன்பிறகு மாதம் 8,000 ரூபாய் என்னிடம் நிற்கும்.

சென்ற வாரம் வருமான வரிக் கணக்குக்காக அவர் எல்லாக் காகிதங்களையும் கட்டிலில் பரப்பினார். நான் உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்தேன். பிஎஃப் அவர் பெயரில், மனைப் பத்திரம் அவர் பெயரில், வங்கி வைப்பு நிதி அவர் பெயரில், காப்பீடும் அவர் பெயரில். நான் பார்த்த காகிதங்களில் என் பெயர் நாமினி என்ற கட்டத்தில் மட்டும் இருக்கிறது. “எனக்கென்று ஏதாவது போட வேண்டும்” என்றேன். “நான் இருக்கும்போது உனக்கு எதற்குத் தனியாக? எல்லாமே உனக்கும் பிள்ளைகளுக்கும்தானே” என்றார். அவர் மனதில் கள்ளம் கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனால் மாமனார் போன நாளிலிருந்து அத்தை எப்படி இருக்கிறார் என்பதையும் பக்கத்திலிருந்து பார்க்கிறவள் நான்தான். மூக்குக் கண்ணாடியின் காது உடைந்தபோது நூலால் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “அவனுக்கு ஏற்கெனவே செலவு, நீயாகப் பார்த்து ஒருநாள் சொல் தாயி” என்றார். என் கணவர் ஒருபோதும் இல்லை என்று சொன்னவர் இல்லை. ஆனாலும் அத்தை கேட்பதில்லை. எனக்கு அந்த நிலை வேண்டாம்.

சம்பளமே இல்லாத நான் என் பெயரில் ஓய்வூதியம் போல எதில் சேர முடியும்? அவர் கொடுத்த பணத்தைப் போட்டால் வரித் தொல்லை வருமா? இன்னொன்று, அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


பதில்: தபால்காரர், கும்பகோணம்

அம்மா, நான் அஞ்சல் துறையில் துணை அஞ்சலகத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பாஸ்புக்குகளைப் பார்த்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்களுக்கு முதலில் நான் சொல்வது பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிதான். அதில் சேரச் சம்பளம் வேண்டாம். ஒருவருக்கு ஒரு கணக்கு, கூட்டுக் கணக்கு என்பதே கிடையாது. அதாவது உங்கள் பெயரில் திறந்தால் அது உங்களுடையது மட்டுமே. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். உங்கள் கணவர் தம் பெயரில் வைத்திருந்தாலும் உங்கள் வரம்பு தனி. கடன்காரர் வழக்குப் போட்டாலும் நீதிமன்றம் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது. வட்டிக்கு வரி இல்லை. 2020 ஏப்ரலில் வட்டியை 7.1 சதவீதமாகக் குறைத்தார்கள். அதன்பிறகு அது அசையவே இல்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும் வட்டி இது. கூடவும் குறையவும் செய்யும் என்பதை மனதில் வையுங்கள்.

பதினைந்து ஆண்டு என்றதும் பலர் மலைத்துப்போய் எழுந்துவிடுவார்கள். உங்கள் வயதுக்கு அந்தக் காலம் கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்போது திறந்தால் 55 வயதில் முதிரும். அப்போது எடுக்காமல் ஐந்து ஆண்டு நீட்டித்தால் அறுபதில் கையில் வரும். ஆண்டுக்கு 60,000 ரூபாயை ஏப்ரல் தொடக்கத்திலேயே போட்டு, இதே வட்டியும் நீடித்தால், 15 ஆண்டில் சுமார் 16 லட்சம், 20 ஆண்டில் 26 லட்சத்துக்கு மேல். மாதாமாதம் போட்டால் கொஞ்சம் குறையும். நடுவில் அவசரம் வந்தால் ஏழாவது நிதியாண்டிலிருந்து ஒரு பகுதி எடுக்கலாம். ஆனால் எடுக்காதீர்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் வரும்போது வீட்டில் எல்லோர் கண்ணும் முதலில் இந்தப் பணத்தின் மேல்தான் விழும். படிப்புக்கு வங்கி கடன் தரும். உங்கள் முதுமைக்கு எந்த வங்கியும் கடன் தராது.

இரண்டாவது, அடல் பென்ஷன் யோஜனா என்ற மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம். இதற்கு நாளைக் கடத்தாதீர்கள். 18 வயது முதல் 40 வரைதான் சேர முடியும். அறுபதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால் 39 வயதில் சேருகிறவர் மாதம் 1,318 கட்ட வேண்டும். பிறந்தநாள் கடந்துவிட்டால் 1,454. அதற்கும் பிறகு கதவு மூடிவிடும். 2022 அக்டோபர் முதல் வருமான வரி கட்டுகிறவர்கள் இதில் சேர முடியாது; முன்பு கட்டியிருந்தாலும் முடியாது. உங்களுக்கு அந்தத் தடை இருக்காது என்று நினைக்கிறேன், தனியார் பள்ளிச் சம்பளத்துக்கு வரி கட்டியிருக்க மாட்டீர்கள். உங்களுக்குப் பிறகு அதே ஓய்வூதியம் உங்கள் கணவருக்கு வரும், அவருக்கும் பிறகு சேர்ந்த தொகை பிள்ளைகளுக்கு.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த 5,000 ரூபாய் விலைவாசிக்கு ஏற்ப உயராது. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், நீங்கள் அறுபதைத் தொடும்போது அது இன்றைய 1,500 ரூபாய் பெறும். மருந்துக் கடைச் செலவுக்கு ஆகும், குடும்பம் நடத்த ஆகாது. ஆகவே பாரத்தைச் சுமக்க வேண்டியது பிபிஎஃப்தான். அறுபதில் அந்தத் தொகையை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். இப்போது ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 சதவீதம். 26 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 53,000 ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. உங்கள் கணக்கில், உங்கள் பெயரில்.


பதில்: கரூர் வாசகி

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்துவிட்டுச் சமையலைப் பாதியில் விட்டு எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனபோது எனக்கு 43 வயது. இரண்டு பெண் பிள்ளைகள். எங்களுக்கும் வசதிக்குக் குறைவில்லை, எல்லாம் அவர் பெயரில் இருந்தது. சம்பளக் கணக்கு அவர் ஒருவர் பெயரில், நாமினியே எழுதவில்லை. ஒரு பெரிய வைப்பு நிதிக்கு நாமினி அவருடைய அண்ணன். கல்யாணத்துக்கு முன்பு எழுதியது, மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர் நியாயஸ்தர், பணம் வந்ததும் ஒரு ரூபாய் குறையாமல் ஒப்படைத்தார். ஆனால் சம்பளக் கணக்கில் இருந்ததை எடுக்க வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குத் தாலுகா அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர், மனு, விசாரணை என்று மாதங்கள் ஓடின. பத்தாம் நாள் காரியத்துக்குக் கடன் வாங்கியாகிவிட்டது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். கணக்கில் பணம் கிடக்கிறது, தொட முடியவில்லை.

நாமினி என்றால் நாம் உரிமையாளர் ஆகிவிட்டோம் என்று நினைக்காதே. பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பவர் அவ்வளவுதான். எங்கள் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சரிசமமாகப் பிரியும். எங்கள் வீட்டில் நான், இரு மகள்கள், மாமியார். ஆக எனக்கு நான்கில் ஒன்று. மாமியாருக்கும் பங்கு உண்டு என்பது நியாயம்தான், அவர் பெற்றவர். ஆனால் அது எனக்கு அன்றுவரை தெரியாது. உன் வீட்டிலும் அத்தை இருக்கிறார் என்பதால் எழுதுகிறேன்.

அந்த மாதங்களில் என்னைத் தாங்கியது அஞ்சலகத் தொடர் வைப்பு. எங்கள் தெருவுக்கு வரும் முகவர் அம்மா ஒவ்வொரு மாதமும் திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு, பணத்தை எண்ணி அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் வற்புறுத்தலுக்காகவே என் பெயரில் போட்டு வந்தேன். என் ஒரு கையெழுத்தில் அந்தப் பணம் வந்தது. பெரியவளின் கட்டணத்தை அதில்தான் கட்டினேன்.

உன் கணவரிடம் இதைப் படிக்கச் சொல். அவரை நம்பவில்லை என்று அர்த்தமில்லை என்று சொல். “நான் இல்லாத மறுநாள் நீ யாரிடமும் கை ஏந்தக் கூடாது” என்று அவர் வாயாலேயே சொல்வார். ஒரு கணக்கையாவது “இருவரில் எவரேனும்” என்று கூட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். உயில் எழுதச் சொல். அந்தப் பேச்சை எடுத்தால் வீட்டில் பெரியவர்கள் அபசகுனம் என்பார்கள். பரவாயில்லை, எடு.


பதில்: லாரிக்காரர் வீடு, நாமக்கல்

அக்கா, எங்களுக்கு வருமானம் உங்களைவிட மிகவும் குறைவு. அவர் லாரி ஓட்டுகிறார், பிஎஃப் எதுவும் இல்லை. எனக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறது. 27 வயதில் அடல் பென்ஷனில் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன், மாதம் 446 தானாகவே பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு கவனம் வேண்டும், பிடிக்கும் நாளில் கணக்கில் பணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலுவையில் 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். உரிமைத் தொகை வரும் அதே கணக்கை நான் கொடுத்துவிட்டதால் அந்தக் கவலை எனக்கு இல்லை.


பதில்: ஆடிட்டர், மதுரை

வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணவர் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு, எவ்வளவு கொடுத்தாலும், வாங்குகிறவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணத்தை முதலீடு செய்து வரும் வருமானம் கணவரின் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். மனைவி பெயரில் வைப்பு நிதி போட்டு வட்டிக்கு வரி இல்லை என்று இருந்துவிட்டுப் பிறகு நோட்டீஸோடு வருகிறவர்கள் உண்டு. பிபிஎஃப்புக்கு இந்தச் சிக்கலே இல்லை. வட்டிக்கே வரி கிடையாது என்பதால் யாரோடு சேர்த்தாலும் பாதிப்பில்லை. நண்பர் கும்பகோணத்தார் சொன்ன வரிசை அந்த வகையிலும் சரியானது.

உங்கள் குடும்பத்துக்கு வைப்பு நிதியும் இப்போதைக்குப் பயமில்லை. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது, சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு சேர்த்து 12.75 லட்சம். 58,000 கைக்கு வருகிறவரின் கணக்கில் உங்கள் வட்டி சில ஆயிரங்கள் சேர்ந்தாலும் அந்த எல்லையைத் தொடாது. பங்குச் சந்தை லாபத்துக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது, அதற்குக் கணக்கு தனி.

நீங்கள் எம்.எஸ்சி. கணிதம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். மாலையில் இரண்டு மணி நேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். அத்தையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். அந்த வருமானம் சட்டப்படி முழுக்க உங்களுடையது. அதை முதலீடு செய்து வரும் லாபமும் உங்களுடையது, கணவரின் கணக்கில் சேராது. எனவே கணவர் தரும் பணத்தைப் பிபிஎஃப்பில் போடுங்கள், டியூஷன் பணத்தை மாதாமாதம் ஒரு குறியீட்டுப் பரஸ்பர நிதியில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் நிதி) போடுங்கள். இருபது ஆண்டு இருக்கிறது, விலைவாசியைத் தாண்ட அந்தப் பங்கு முதலீடும் கொஞ்சம் வேண்டும். தனி வங்கிக் கணக்கு, தனி பான் எண், பிள்ளைகள் கொடுத்த கட்டணத்துக்கு ஒரு பதிவேடு. இந்த மூன்றும் இருந்தால் யார் கேட்டாலும் காட்டலாம்.

கணவரின் பிஎஃப்பை வைத்துப் போடும் கணக்கு பல வீடுகளில் தவறாக இருக்கிறது, அதையும் பாருங்கள். அவர் ஓய்வு பெறும்போது மொத்தமாக வரும் தொகை வேறு, மாத ஓய்வூதியம் வேறு. மாத ஓய்வூதியத்துக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்கிறது. அதைப் பணியாண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுப்பார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கும் மாதம் 7,500 ரூபாய்க்கு உள்ளேதான் வரும். ஓய்வு பெற்ற பின் அவர் மறைந்தால் மனைவிக்கு அதில் பாதி. வீட்டில் நோட்டு எழுதுகிறவர் நீங்கள், அந்தப் பாதியில் எத்தனை நாள் ஓடும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அவர் புதிதாக ஆயுள் காப்பீடு எடுப்பதாக இருந்தால், 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின்போதே அதைக் குறிப்பிட வேண்டும், பாலிசி வந்த பிறகு சேர்க்க முடியாது. அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான அறக்கட்டளைப் பணம் போன்றது. அவருடைய கடன்காரர்கள் கை வைக்க முடியாது, மற்ற வாரிசுகளுக்கும் அதில் பங்கு போகாது.

அவரிடம் எப்படிச் சொல்வது என்றீர்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்துகளில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று சிலவற்றில் வழங்கியது. வீட்டில் அவள் செய்யும் வேலை இல்லாமல் அவர் அங்கே போய்ச் சம்பாதித்திருக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. உங்கள் கணவர் கணக்குப் பிரிவில் இருப்பவர். அத்தைக்கு ஒரு ஆள், சமையலுக்கு ஒரு ஆள், பிள்ளைகளுக்கு டியூஷன் என்று வெளியே கொடுத்தால் மாதம் என்ன ஆகும் என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மொத்தத்தை அவரே கூட்டட்டும்.


ராஜபாளையத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. கரூர் அக்கா, உங்கள் பதிலை அவரிடமே போனைக் கொடுத்துப் படிக்க வைத்தேன். படித்து முடித்துக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பீரோவைத் திறந்து வைப்பு நிதி ரசீதை எடுத்து நாமினி பெயரைச் சரிபார்த்தார். ஒன்றில் அத்தையின் பெயர் இருந்தது. “திங்கட்கிழமை வங்கிக்குப் போய் மாற்றிவிடுகிறேன், கூட்டுக் கணக்குக்கும் சேர்த்தே படிவம் வாங்கி வருகிறேன்” என்றார். அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. தீபாவளி போனஸிலும் ஒரு பங்கை என் கணக்கில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பிபிஎஃப் மாதம் 5,000. அடல் பென்ஷன் 1,318, அதை இந்த மாதமே சேர்ந்துவிடுகிறேன், ஆடி வரை காத்திருக்கப் போவதில்லை. மீதியைத் தொடர் வைப்பில் போடுகிறேன். சீட்டுப் பணம் ஒரு லட்சத்தை யாரும் கேட்காத இடத்தில் அவசரத்துக்கு வைக்கப் போகிறேன். நகைச் சீட்டை இனிப் புதுப்பிக்கவில்லை. மகளுக்குச் சேர்ப்பது போதும். டியூஷன் பற்றி ஆடிட்டர் ஐயா எழுதியதை மகள் படித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரை அன்றைக்கே கூட்டி வந்துவிட்டாள். முக்கோணவியலில் ஆரம்பித்திருக்கிறோம். கரும்பலகை வாங்க வேண்டும்.

தபால்காரர் ஐயாவிடம் இன்னும் இரண்டு சந்தேகங்கள். மாதம் எந்தத் தேதியில் பணம் போடுவது நல்லது? பிபிஎஃப்புக்கு மகள், மகன் இருவரையும் நாமினியாக எழுதலாமா?


தபால்காரர், கும்பகோணம்

நல்லது அம்மா. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசிவரை கணக்கில் எது குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. 6ஆம் தேதி போட்டால் அந்த மாத வட்டி அந்தத் தொகைக்குக் கிடையாது. சம்பளம் 1ஆம் தேதி வருகிறதென்றால் 2ஆம் தேதி பணம் தானாக மாறும்படி வங்கியில் நிலையாணை கொடுத்துவிடுங்கள். இடையில் விடுமுறை வந்தாலும் சமாளிக்கும். போனஸைப் போடும்போதும் இதே கணக்குதான்.

இரண்டு பேரையும் எழுதலாம், ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்றும் குறிப்பிடுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் என்பதால், பணத்தைப் பெற்றுக்கொள்ளப் பெரியவர் ஒருவரின் பெயரையும் படிவத்தில் கேட்பார்கள். உங்கள் கணவர் பெயரை எழுதுங்கள். பாஸ்புக் கைக்கு வந்ததும் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று பாருங்கள், எத்தனை பேர் வரிசையில் இருந்தாலும் சரி.